ஸ்பேனியல் நாய்: ஒர்க்கிங் லைனா, ஷோ லைனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்தில் கால்நடைத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். மாட்டுத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் நடுவே ஓர் அலமாரி முழுக்க நாய்ச் சாமான். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைமேல் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போகிற ஜீப்புகள் கடைப் பக்கம்தான் நிற்கும். அதனால் கீழே இருப்பவர்களும் மேலே தோட்டம் வைத்திருப்பவர்களும் ஒரே கேள்விகளோடு வருவார்கள். என் வீட்டுக் காக்கர் ஸ்பேனியல் சீனி பகலெல்லாம் கல்லாவுக்கு அடியில் படுத்திருக்கும். பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதற்கு எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"ஸ்பேனியல்னா காது தொங்குற நாய்தானே அண்ணே, அதுல என்ன ரெண்டு லைன்?"

ஸ்பேனியல் என்பது ஒரு நாய் இல்லை, ஒரு குடும்பம். நம் பக்கம் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் காக்கர். அதைவிட உயரமான ஸ்பிரிங்கர் அபூர்வம். இரண்டும் துப்பாக்கி வேட்டைக்குத் துணையாக வளர்க்கப்பட்டவை. முன்னால் ஓடிப் புதருக்குள் புகுந்து, பதுங்கியிருக்கிற பறவையைக் கிளப்பிவிட வேண்டும். சுட்டு விழுந்ததைக் குதறாமல் கவ்வி வந்து கையில் கொடுக்க வேண்டும்.

அந்த வேலையில் கெட்டிக்கார நாய்களையே பார்த்துப் பார்த்து இணை சேர்த்து வந்த வழி ஒர்க்கிங் லைன். கண்காட்சியில் தோற்றத்துக்குப் பரிசு வாங்கியவற்றை இணை சேர்த்து வந்த வழி ஷோ லைன். பதிவேட்டில் இரண்டும் ஒரே இனம்தான்.

"ஒரே இனம்னா அப்புறம் எப்படிப் பிரிஞ்சுச்சு?"

முதலில் காக்கருக்கும் ஸ்பிரிங்கருக்குமே பிரிவு கிடையாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் சிறியது காக்கர், பெரியது ஸ்பிரிங்கர். 1901 வரை இங்கிலாந்தில் 25 பவுண்டு, அதாவது சுமார் 11 கிலோ, என்கிற எடைதான் எல்லைக்கோடு. சின்னது உட்காக் வேட்டைக்குப் போனதால் காக்கர். உட்காக் நம்மூர் உள்ளானுக்கு உறவுக்காரப் பறவை. பறவையைத் துள்ளி எழ வைத்ததால் ஸ்பிரிங்கர். 1902-இல் ஸ்பிரிங்கரைத் தனி இனமாக, நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமான இங்கிலாந்து கென்னல் கிளப் ஏற்றுக்கொண்டது.

இங்கிலாந்தில் கென்னல் கிளப் தொடங்கியது 1873-இல். கண்காட்சிகள் பெருகின. ஸ்பேனியல்களுக்கான களப்போட்டியும் 1899 வாக்கில் தொடங்கிவிட்டது. மேடையில் நடுவர் தலையின் வடிவம், காதின் நீளம், முடியின் பட்டு, நடை ஆகியவற்றைப் பார்த்தார். களத்தில் இருந்தவர் மூக்கு, வேகம், சொல்பேச்சுக் கேட்பது ஆகியவற்றைப் பார்த்தார். இரு தரப்பும் அவரவர் ஜெயித்த நாயிலிருந்தே குட்டி எடுத்தார்கள். நம் மலைமாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கிடை போட்டு மேய்க்கிறவர் தேடுகிற மாடு வேறு, வாடிவாசலுக்குக் கன்று தேடுகிறவர் பார்க்கிற மாடு வேறு. நூறு வருஷம் அப்படியே தேடினால் இரண்டும் ஒரு மாதிரியா இருக்கும்?

மேடைப் பக்கம் காக்கர் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு கணக்கு: இங்கிலாந்தின் பெரிய நாய்க் கண்காட்சியான கிரஃப்ட்ஸில் மொத்தத்தில் சிறந்த நாய் என்ற பட்டத்தைக் காக்கர் 7 முறை வாங்கியிருக்கிறது. அதில் 6 முறை எச்.எஸ். லாயிட் என்ற ஒரே ஆள் 'ஆஃப் வேர்' என்று பெயர் வைத்து வளர்த்த நாய்கள், 1930-இலிருந்து 1950-க்குள். அப்படிப்பட்ட நாயின் ரத்தம் எத்தனை வீட்டுக் குட்டியில் கலந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"பாத்த உடனே எந்த லைன்னு சொல்ல முடியுமா?"

வளர்ந்த நாயில் பெரும்பாலும் முடியும். ஷோ காக்கருக்குக் காது கண்ணுக்கு நேராகவோ அதற்குக் கீழேயோ தொடங்கி நீளமாகத் தொங்கும். முகம் சதுரம், உதடு தடிமன். வயிற்றிலும் காலிலும் முடி குஞ்சம் குஞ்சமாக இறங்கும். கென்னல் கிளப் இந்த இனத்துக்கு வகுத்த அளவுப்படி எடை 12.5 முதல் 14.5 கிலோ, ஆண் நாய் 39 முதல் 41 செ.மீ. உயரம். ஒர்க்கிங் காக்கருக்குக் காது கொஞ்சம் மேலேயே தொடங்கும், நீளமும் குறைவு. தலை தட்டை, உடம்பு ஒல்லி, முடி கொஞ்சம். உயரத்துக்கும் எடைக்கும் ஒரு கட்டு இருக்காது.

ஸ்பிரிங்கரில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஷோ ஸ்பிரிங்கர் சுமார் 51 செ.மீ. உயரம், முதுகு முழுக்கப் போர்வை போர்த்தியது மாதிரி கறுப்போ பழுப்போ இருக்கும். களத்து ஸ்பிரிங்கரில் வெள்ளைதான் தூக்கல். புதருக்குள் ஓடுகிற நாய் சுடுகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

குட்டியில் இதெல்லாம் தெரியாது. 6 வாரக் குட்டியைக் காட்டி "காதைப் பாருங்க சார், ஒர்க்கிங்" என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

"அமெரிக்கன் காக்கர்னு ஒண்ணு விக்கிறாங்களே, அதான் ஷோ லைனா?"

இல்லை, அது தனி இனம். அமெரிக்கக் கென்னல் கிளப் 1946-இல் இங்கிலீஷ் காக்கரை அதிலிருந்து பிரித்துவிட்டது. உருண்டைத் தலை, குட்டை மூக்கு, தரையைத் தொடுகிற முடி. அது ஏறக்குறைய முழுக்க மேடைக்கும் வீட்டுக்குமான நாய் ஆகிவிட்டது. இந்தப் பக்கத்தில் காக்கர் என்று நான் சொல்வதெல்லாம் இங்கிலீஷ் காக்கர்.

"குணத்துல என்ன வித்தியாசம்? அதைச் சொல்லுங்க முதல்ல"

முக்கியமான கேள்வி இதுதான். ஆனால் எல்லோரும் கடைசியில்தான் கேட்பார்கள்.

இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு மலையாளக் குடும்பம் மலைமேல் வண்டன்மேடு பக்கம் இருக்கிறது. அவர்கள் அங்கிருந்து கூடவே கொண்டுவந்தது ஒரு ஒர்க்கிங் காக்கர் பெட்டை. தாய் தகப்பன் இரண்டும் ஃபெசன்ட் என்ற பறவை வேட்டைக்குப் போன நாய்கள். ஒரு நாள் சீனியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கேட்டைத் திறந்ததும் அந்த நாய் ஏலச்செடிகளுக்குள் இறங்கியது. இடது பக்கம் பத்தடி, சட்டென்று திரும்பி வலது பக்கம் பத்தடி, மறுபடி இடது. மூக்கு தரையை விட்டு ஒரு விரல்கூட உயரவில்லை. வால் சுழன்ற வேகத்தில் இலைகளெல்லாம் சடசடத்தன. இத்தனைக்கும் எங்களை விட்டு 20, 25 அடிக்கு மேல் போகவே இல்லை. அதை யாரும் பழக்கவில்லை என்று அந்த வீட்டம்மா சொன்னார். என் சீனி அந்நேரம் திண்ணையில் அவர்கள் வீட்டுப் பாட்டி காலடியில் உட்கார்ந்து பழம்பொரிக்குக் காத்திருந்தது.

அந்தத் தேடல் வெறி நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. ஒர்க்கிங் நாய் காலையில் எழும்போதே "இன்னிக்கு என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டுதான் எழும். வேலை தராவிட்டால் அதுவே ஒன்றைக் கண்டுபிடிக்கும்: செருப்பைக் கிழிப்பது, சுவரில் ஓடும் நிழலைத் துரத்துவது, பகல் முழுக்கக் குரைப்பது. ஷோ நாய்க்கும் மூக்கு உண்டு, விளையாட்டு உண்டு. ஒரு மணி நேரம் நடத்திக் கூட்டிவந்தால் படுத்துவிடும். ஒர்க்கிங் காக்கருக்கு அதுபோல் இரண்டு மடங்கு வேண்டும், மூளைக்கு வேலையும் வேண்டும்.

"அப்ப ஒர்க்கிங்தான் புத்திசாலி, ஷோ நாய் மக்கு, அப்படித்தானே?"

அப்படி இல்லை. பழக்குகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆர்வம் ஒர்க்கிங்கில் அதிகம், அதனால் சீக்கிரம் கற்கும். கெட்ட பழக்கத்தையும் அதே வேகத்தில் கற்கும். சீனி என் கடையில் எந்தக் கோழித் தீவன மூட்டை கிழிந்திருக்கிறது என்று எனக்கு முன்னால் கண்டுபிடிக்கும். மக்கு என்று எப்படிச் சொல்வது?

"கம்பம் வெயிலுக்கு எது தாங்கும்? மேல தோட்டத்துக்கு எது?"

இரண்டும் குளிர்நாட்டு நாய்கள். வண்டன்மேடு ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே கவலை குறைவு. கீழே சித்திரை, வைகாசியில் இரண்டுக்குமே கஷ்டம்தான். முடி குறைவாக இருப்பதால் ஒர்க்கிங் நாய் தாங்கும் என்று நினைப்பார்கள். ஆனால் அதில் வேறு ஆபத்து இருக்கிறது. ஷோ நாய் களைத்தால் படுத்துவிடும், ஒர்க்கிங் நாய் களைத்தாலும் பந்தை எடுக்க ஓடும், விழுகிற வரைக்கும் ஓடும். நாம்தான் நிறுத்த வேண்டும். கீழே இருப்பவர்கள் காலை 7 மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். மாலையில் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் நாய்க்கும் சுடும்.

மேலே இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏலத்துக்கு அடிக்கடி மருந்தடிப்பார்கள். ஈரச் செடிக்குள் மூக்கை உழுதுகொண்டு போகிற நாய் அந்த மருந்தைத்தான் மூக்காலும் நாக்காலும் எடுக்கும். மருந்தடித்த பாத்தி எது என்று மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு அவிழ்த்து விடுங்கள். ஷோ நாய் வரப்போடு நின்றுவிடும், ஒர்க்கிங் நாய் நிற்காது. சிறுத்தை நடமாட்டம் உள்ள இடமாக இருந்தால் எந்த லைனாக இருந்தாலும் ராத்திரி வீட்டுக்குள்தான்.

"காதுல நாத்தம் அடிக்குது. ஒர்க்கிங் நாய்க்கு இந்தத் தொல்லை இல்லைங்கிறாங்க?"

குறைவு, இல்லாமல் இல்லை. காது மடல் மூடியே இருந்தால் உள்ளே காற்றுப் போகாது, ஈரம் காயாது. பூஞ்சையும் பாக்டீரியாவும் அங்கேதான் குடியேறும். நீளக் காது, அடர்ந்த முடி உள்ள ஷோ நாய்க்கு இது வாரா வாரம் பார்க்க வேண்டிய வேலை.

நான் செய்வது: வெள்ளிக்கிழமை கடை அடைத்த பிறகு சீனியை மடியில் சாய்த்துக்கொண்டு மடலைத் திருப்பி, முதலில் மோந்து பார்ப்பேன். நல்ல காதில் வாசனை ஒன்றும் இருக்காது. புளித்த மாவு வாடை வந்தால் ஏதோ ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். டாக்டர் சொன்ன காது கழுவும் மருந்தை ஊற்றி, அடிக்காதைப் பத்து எண்ணும் வரை பிசைந்து, அது தலையை உதறியதும் வெளியே வந்ததைப் பஞ்சால் துடைப்பேன். பஞ்சுக் குச்சியை உள்ளே விடுவதில்லை. வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம். அப்படி ஊற்றிவிட்டு டாக்டரிடம் ஓடிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். சாப்பாட்டுக் கிண்ணம் வாய் குறுகியதாக இருந்தால் காது வெளியே விழும், சோற்றில் நனையாது.

"அட்டை, உண்ணி, ஒட்டுப்புல்லு இதெல்லாம்?"

முடி எவ்வளவோ அவ்வளவு தொல்லை. ஷோ நாயின் வயிற்றுக் குஞ்சத்தில் உண்ணி ஒளிந்தால் தேடி முடியாது. ஒர்க்கிங் நாய்க்கு முடி குறைவு, ஆனால் புதரிலேயே குடியிருக்கும். கணக்கு சரியாகிவிடுகிறது. மழைக் காலத்தில் மேலே போய் வந்தால் விரலிடுக்கு, அக்குள், காது மடல் எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். ஒட்டுப்புல் விதை விரலிடுக்கில் குத்தி உள்ளே போனால் சீழ் கட்டும். அட்டையைப் பிய்க்காமல் உப்பு வைத்து விழவிடுங்கள். மூக்குக்குள் போயிருந்தால் டாக்டர்தான். உண்ணிக்கு மாத மருந்து தவறக் கூடாது. உண்ணிக் காய்ச்சல் லைன் பார்த்து வராது.

"வெயிலுக்கு மெஷின் போட்டு மொத்தமா வழிச்சுடலாமா?"

ஷோ காக்கரின் பட்டு முடியை மெஷினால் வழித்தால் திரும்பப் பட்டாக வராது. பஞ்சு மாதிரி, நிறம் வெளுத்து வரும். கருத்தடை செய்த நாய்க்கு இன்னும் மோசம். அதனால்தான் கண்காட்சி ஆட்கள் செத்த முடியைக் கையாலேயே பிடுங்குவார்கள். மேடைக்குப் போகப் போவதில்லை என்றால் வயிறு, பாதம், காதின் உட்பக்கம் மட்டும் குட்டையாக வெட்டுங்கள். முதுகை விட்டுவிடுங்கள், வெயிலுக்கு அது மறைப்பு.

"ஒர்க்கிங் லைன்னு சொல்லி பத்தாயிரம் கூட கேக்குறாங்க. குடுக்கலாமா?"

எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் வேட்டைக்குத் தடை. துப்பாக்கியோடு ஸ்பேனியலைச் சோதிக்கும் களப்போட்டிக்கு இடமே இல்லை. ஆகவே இங்கே நாலு தலைமுறையாகப் பிறந்த நாயை ஒர்க்கிங் என்று சொன்னால், அந்த வேலையை யார், எங்கே பார்த்தார்கள்? ஒல்லியாக இருக்கிறது, முடி கொஞ்சம் என்பதை மட்டும் வைத்து ஒர்க்கிங் என்று சொல்லி விற்பதைப் பார்த்திருக்கிறேன். அது சரியாகத் தீனி போடாத ஷோ நாயாகக்கூட இருக்கலாம்.

சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியக் கென்னல் கிளப்பின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். நாயின் மைக்ரோசிப் எண் அதில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். முன்னோர் பெயர்களில் வெளிநாட்டுக் களப்போட்டிச் சாம்பியன் யாராவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேசலாம். 2017 விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. அவசரப்படுத்தினால் நடையைக் கட்டுங்கள்.

"அப்பா சாம்பியன்னு பேப்பர்லயே போட்டிருக்கே?"

எதில் சாம்பியன்? இங்கிலாந்தில் வேட்டைத் துணை நாய்களுக்கு மூன்று விதமான பட்டம் உண்டு. மேடையில் மட்டும் ஜெயித்தால் ஷோ சாம்பியன். மேடையில் ஜெயித்து, களத்திலும் அடிப்படைத் தகுதி காட்டினால் முழுச் சாம்பியன். களப்போட்டியிலேயே ஜெயித்தால் ஃபீல்டு டிரயல் சாம்பியன். ஒர்க்கிங் லைனுக்கு அத்தாட்சி இந்தக் கடைசிப் பட்டம்தான். நம் ஊரில் காக்கர் சாம்பியன் என்றால் கண்காட்சிப் பட்டம். ஊட்டியில் ஜெயித்த நாய் என்றால் அழகான நாய், நல்ல நாய். வேலைக்கார நாய் என்று அதற்கு அர்த்தமில்லை.

"வெளிநாட்டுல இருந்து ஒரு ஜோடி இறக்கி குட்டி போட வச்சா என்ன?"

வணிகத்துக்காக இனப்பெருக்கம் செய்ய நாய் இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2016-இல் தடுத்துவிட்டது. குடிபெயர்ந்து வருகிறவர் தன் வளர்ப்பு நாயைக் கொண்டுவருவது வேறு. நான் மேலே சொன்ன நர்ஸ் குடும்பம் கொண்டுவந்தது அப்படித்தான்.

"முயல், கௌதாரி பிடிக்கப் பழக்கலாமா? காட்டுப்பன்னி விரட்டுமா?"

முயலும் கௌதாரியும் சட்டப்படி குற்றம், பேச்சே வேண்டாம். பன்றி விஷயத்தில் நாய்க்குத்தான் சாவு. 14 கிலோ நாய் பறவையைக் கிளப்பப் பிறந்தது, பல்லுக்கு எதிரே நிற்கப் பிறந்தது இல்லை. காவலுக்கும் விரட்டலுக்கும் பக்கத்திலேயே கோம்பை நாய் இருக்கிறதே, பேரே நம் ஊர்ப் பேர். அதையும் பன்றியோடு மோதவிடச் சொல்லவில்லை, குரைத்து ஆளை எழுப்பினால் போதும்.

"அப்ப ஒர்க்கிங் நாயை வச்சுக்கிட்டு என்னதான் செய்றது?"

மூக்குக்கு வேலை கொடுங்கள். இன்றைக்குப் பல நாடுகளில் இந்த லைன் நாய்கள் மோப்ப வேலை பார்க்கின்றன. பஸ்டர் என்ற ஸ்பிரிங்கர் ஈராக்கில் மறைத்து வைத்திருந்த ஆயுதங்களைக் கண்டுபிடித்ததற்காக 2003-இல் விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம் வாங்கியது. நம் விமான நிலையங்களில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் கையிலும் காக்கரைப் பார்க்கலாம்.

வீட்டில் இதற்குச் செலவே இல்லை. உங்கள் பழைய கையுறையை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். முதலில் கட்டிலுக்கு அடியில், அப்புறம் தோட்டத்தில், அப்புறம் ஜீப்புக்குள். ஏலக்காயை மட்டும் வைக்காதீர்கள். வண்டன்மேட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வாசனைதான், நாய்க்குக் குழம்பிவிடும்.

"கோல்டன் காக்கர் திடீர்னு வெறி பிடிச்சுக் கடிக்குமாமே?"

முழுக்கக் கட்டுக்கதை இல்லை. 1990-களில் பிரிட்டனில் நடந்த ஆய்வில் கறுப்பு, கலப்பு நிறங்களைவிடச் சிவப்பு, பொன்னிறக் காக்கர்கள் கடுமை காட்டுவது அதிகமாகத் தெரிந்தது. ஆனால் காரணமே இல்லாமல் திடீரென்று பாயும் அந்த நோய் மிக அபூர்வம். என்னிடம் "வெறி பிடிச்சிருச்சு" என்று சொன்னவர்களை விசாரித்தால், பாதிப் பேர் எலும்பைப் பிடுங்கப் போயிருப்பார்கள், மீதிப் பேர் வலிக்கிற காதைத் தொட்டிருப்பார்கள். காது பற்றி மேலே சொன்னதைப் பாருங்கள். முதலில் அதைக் காட்டுங்கள், நாயை அப்புறம் திட்டலாம்.

"நோய் எதுல கம்மி?"

வேறு வேறு நோய், அவ்வளவுதான். காக்கரில் கண் மெல்ல மெல்ல இருண்டுபோகும் விழித்திரை நோயும், இளம் வயதிலேயே சிறுநீரகம் பழுதாகும் பரம்பரை நோயும் உண்டு. இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனை இருக்கிறது. ஒர்க்கிங் காக்கரில் கடும் ஓட்டத்துக்குப் பிறகு பின்னங்கால் துவண்டு விழும் நோய் ஒன்று இருக்கிறது. பாதத்தில் வலி உணர்வில்லாமல் தன் காலைத் தானே கடித்துக்கொள்ளும் நோயும் வேட்டை லைன்களில் வருகிறது. இவற்றுக்கும் பரிசோதனை உண்டு. தாய் தகப்பனுக்குச் செய்ததா என்று கேளுங்கள். "நம்ம நாய்க்கு ஒண்ணும் இல்ல சார்" என்பது பதில் இல்லை.

"வாலை வெட்டணுமா?"

வேண்டாம். முள்புதரில் வாலை அடித்து அடித்துக் கிழித்துக்கொள்கிறது என்றுதான் வேட்டைக்காரர்கள் வெட்டினார்கள். இங்கிலாந்திலேயே 2007-இலிருந்து, வேலை நாய்களுக்கு விலக்கு தவிர, அது தடை. நம் வீட்டுத் திண்ணையில் என்ன முள்ளு இருக்கிறது?

"ரெண்டையும் கலந்தா ரெண்டு நல்லதும் வருமே?"

அழகும் அடக்கமும் ஒரு பக்கம், மூக்கும் வேகமும் ஒரு பக்கம் என்று பங்கு போட்டு வராது. ஒரே ஈற்றில் ஒன்று தாயைப் போல, ஒன்று தகப்பனைப் போல, இன்னொன்று நீளக் காதோடு புதருக்குள் ஓடுகிற மாதிரி வரும். கடைசியில் சொன்னதற்குக் காதுக் கழுவலும் உங்கள் தலையில், தினம் இரண்டு மணி நேர ஓட்டமும் உங்கள் தலையில்.

"நான் மேல தோட்டத்துல, அப்பா அம்மா கீழ வீட்டுல. எதை வாங்க?"

நாய் யாரோடு இருக்கப் போகிறது? அப்பா அம்மாவோடு என்றால் ஷோ லைன், முடிந்தால் ஒன்றரை இரண்டு வயது ஆனதாகப் பாருங்கள். குட்டியாக இருந்தால் அம்மாவின் சேலையைத்தான் முதலில் பிடித்து இழுக்கும். உங்களோடு தினமும் தோட்டம் சுற்றப் போகிறது, சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்து பழக்குவீர்கள் என்றால் ஒர்க்கிங் சரி, கிடைத்தால். வாரத்தில் இரண்டு நாள்தான் மேலே போவீர்கள் என்றால் வேண்டாம். மீதி ஐந்து நாளும் அது உங்கள் ஜீப் சத்தத்துக்குக் காதைத் தூக்கிக்கொண்டு கேட்டிலேயே நிற்கும்.

"உங்க சீனி எந்த லைன் அண்ணே?"

9 வருஷத்துக்கு முன்னால் மதுரையில் 'இம்போர்ட்டட் லைன்' என்று சொல்லித் தந்தார்கள். காதும் முகமும் ஷோ. சான்றிதழ் இன்னும் தபாலில் வந்துகொண்டிருக்கிறது. போன தை மாதம் கூடலூர் பக்கம் ஒரு கொல்லையில் நடந்துகொண்டிருந்தபோது அதன் மூக்குக்கு நேரே இரண்டு கௌதாரி படபடவென்று எழுந்து பறந்தன. சீனி பொத்தென்று உட்கார்ந்தது. களத்து நாய்க்கு மாதக்கணக்கில் பழக்குகிற பாடம் அது, பறவை எழுந்தால் உட்காருவது. எனக்கு ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துவிட்டது. அப்புறம் நாலு தும்மல் தும்மிவிட்டு, தூக்கிக்கொள் என்று முன்னங்காலை நீட்டியது.